போர்ட்டிக்சன் கரையில் காலை யோகாசனம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்கள் பலவும் மூட்டை கட்டுவது போர்ட்டிக்சனுக்குத்தான். சிரம்பானிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சுமார் 90. கட்டுச்சோறு, பாய், பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி எல்லாம் எடுத்துச் சென்று, குளித்து, சாப்பிட்டு, களைத்துத் திரும்புகிறோம். அந்தக் கரையின் மிக நல்ல பொழுதாகிய விடியற்காலையை மட்டும் தூங்கிக் கழித்துவிடுகிறோம். வாசக நேயர்களே, அடுத்த முறை அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தால், அந்தப் பொழுதை யோகாசனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

"விடியலில் எழுவது நமக்குப் புதிதா?" என்று கேட்பீர்கள். புதிதல்லதான். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், இருட்டிலேயே எழுந்து பிரட்டுக்கு ஓடியவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். குனிந்து குனிந்து மரம் வெட்டிய இடுப்பும், பால் வாளி சுமந்த தோளும் அவர்களில் பலருக்கு இன்றும் வலிக்கின்றன. அவர்களுடைய விடியல்கள் எல்லாம் தோட்டத்துக்கே போயின. ஒரு விடியலாவது அந்த உடம்புக்குச் சொந்தமாக இருக்க வேண்டாமா? அவர்களையும் கைபிடித்துக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சூரியன் கடலிலிருந்து எழுவதைக் காண விரும்புகிறவர்கள் கிழக்குக் கரையிலுள்ள செராத்திங் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். போர்ட்டிக்சன் மேற்குக் கரை. இங்கே கதிரவன் நமக்குப் பின்னால், நிலத்தின் பக்கம் உதிக்கிறான். 1982-ஆம் ஆண்டு தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டதிலிருந்து, ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. அதன் பிறகும் கரையோர மரங்களின் நிழல் மணலில் நீண்டு கிடப்பதால் சிறிது நேரம் வெயில் சுடாது. ஆறே முக்காலுக்குத் தெலுக் கெமாங் கரையில் இருந்தால் போதும்.

வெறும் வயிற்றோடு செல்லுங்கள். நாசி லெமாக் காத்திருக்கட்டும். உலர்ந்த மணல் காலை வாரும், மணிக்கட்டையும் வருத்தும். நீர் வற்றியிருந்தால், அலை நனைத்து விட்டுப்போன இறுகிய மணலில் பாயை விரியுங்கள். கரை சரிந்திருக்குமாதலால் படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

முதலில் தாடாசனத்தில் நேராக நின்று கைகளை மேலே உயர்த்தி, நன்றாக மூச்சிழுங்கள். நீரிணையின் அலை சிறியது, அடுத்தடுத்து வரும். அதனோடு மூச்சைப் போட்டியிட விடாதீர்கள். ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் அலையைப் பார்த்தால் உடம்பும் ஆடும். தெற்கே, 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவான் முனையில் பார்வையை நிறுத்துங்கள். பிறகு வஜ்ராசனம், இறுதியில் கண்மூடிச் சவாசனம். இருபது நிமிடம் போதும். முழங்கால் வலியுள்ளவர்கள் வஜ்ராசனத்தை விட்டுவிடலாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

"நாலு பேர் பார்ப்பார்களே" என்று நம் பெண்கள் தயங்குவதுண்டு. நிற்பதும் அமர்வதும் மூச்சை இழுத்து விடுவதும் சேலையிலேயே செய்யக்கூடியவை. இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த நாகரிகமும் அன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ஆசனத்தையும் பிராணாயாமத்தையும் தமிழிலேயே சொல்லி வைத்திருக்கிறார்.

ஊர் திரும்பிய மறுநாளும் அதே நேரத்தில் எழுந்துவிடுங்கள். அங்கே அலையோசை இராது. பக்கத்து வீட்டுச் சேவலோ மோட்டார் சைக்கிளோ கேட்கும். வீட்டு அஞ்சடியிலோ அடுக்குமாடிக் கூடத்திலோ பாயை விரித்து, பிள்ளைகள் எழுவதற்குள் அந்த இருபது நிமிடத்தை முடித்துவிடலாம்.