ஒரு சிட்டிகைக் கரி

மக்னீசியத்தை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. உலோகம் என்றால் உள்ளங்கை கொஞ்சமாவது தாழ வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு. அந்தச் சாம்பல் நிறத் துண்டுக்குக் கை தாழவில்லை. ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்தான் அதன் எடை. அலுமினியம் 2.7, எஃகு 7.8. வாகனத்தின் எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த விரும்புகிறவர்களுக்கு ஆசை காட்டும் உலோகம் அது.

ஆனால் அதன் படிகங்கள் அறுகோண அமைப்பு கொண்டவை. அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் உலோகம் வளையும். அறை வெப்பநிலையில் மக்னீசியத்துக்கு அப்படி வழுக்கும் பாதைகள் மிகக் குறைவு. வலுவும் போதாது. அந்த வலுவைக் கரியால் கூட்டுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

கரி என்றால் அடுப்புக்கரி அல்ல. 1991இல் ஜப்பானிய அறிவியலாளர் சுமியோ இஜிமா வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு உலகின் கவனத்துக்கு வந்த கார்பன் நானோ குழாய்கள். தலைமயிரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை. எஃகைப்போல் ஐந்து மடங்கு விறைப்பானவை. குப்பிக்குள் பார்த்தால் விளக்குப் புகைக்கரி போலத்தான் இருக்கும்.

ஒரு சிட்டிகை போதும் என்பது கோட்பாடு. இழுவிசையில் ஒரு பங்கைக் குழாய்கள் ஏற்றுக்கொள்ளும். உலோகத்தின் படிக மணிகள் பெரிதாக வளராமலும் தடுக்கும். ஆனால் அவற்றுக்குத் தம்முள்தான் ஈர்ப்பு அதிகம். சிக்குப் பிடித்த முடியைப்போல் முடிச்சாகிவிடும். உருகிய மக்னீசியமும் கரியும் தாமரை இலையும் தண்ணீரும் போல. ஆகவே மக்னீசியத் தூளையும் குழாய்களையும் எத்தனாலில் இட்டு மீயொலியால் கலைத்து, உலர்த்தி, அழுத்தி, ஆர்கான் வாயுவில் சுட்டு, கடைசியில் முறுக்கு நாழியில் மாவைப் பிழிவதுபோல் அச்சு வழியே கம்பியாகப் பிதுக்கினோம். பக்கத்தில் எப்போதும் உலர்மணல் வாளி இருக்கும். எரியும் மக்னீசியத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளியாகித் தீ இன்னும் மூர்க்கமாகும்.

மூன்று கம்பிகளை இழுத்துப் பார்த்தோம். முதலாவது, கலப்பில்லாத மக்னீசியத்தைவிட நன்றாகவே தாங்கியது. மற்ற இரண்டும் அதற்குக் கீழே உடைந்தன. கருத்தரங்கிற்குக் கட்டுரை அனுப்ப இரண்டே நாள்கள் இருந்தன. "அந்த ரெண்டையும் விட்டுடுப்பா. தயாரிப்புல கோளாறுன்னு வச்சுக்கலாம்" என்றார் நெறியாளர். விட்டுவிட்டேன். அவர் சொன்னார் என்பதால் மட்டும் அல்ல. எனக்கும் அந்த முதல் கம்பியைத்தான் நம்பத் தோன்றியது.

பிறகு ஒருநாள், ஒதுக்கிய கம்பிகளின் உடைந்த முகங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். விரிசல் தொடங்கிய இடத்தில், இரண்டிலுமே, நூல்கண்டு போலச் சுருண்டு கிடந்தன குழாய்கள். முடிச்சுக்குள் உலோகம் புகவே இல்லை. வலு சேர்க்க நான் இட்ட பொருளே அங்கே வெற்றிடமாக மாறியிருந்தது. கோளாறு என்று நான் தள்ளிவைத்தது, அந்தக் கலவை தன்னைப்பற்றிச் சொன்ன முக்கியமான செய்தி.

அதற்குள் கட்டுரை அச்சாகியிருந்தது. ஓராண்டு கழித்து வேறோர் ஊரிலிருந்து ஒரு மாணவர் எழுதினார். என் எண்ணை எட்ட ஆறு மாதமாக முயல்வதாகவும், தன் கையில்தான் ஏதோ பிழை என்று அஞ்சுவதாகவும். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள்கள் ஆயின. மூன்று கம்பிகளின் அளவீடுகளையும் நுண்ணோக்கிப் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். ஆய்வேட்டிலும் மூன்றையும் எழுதினேன். நெறியாளர் சில நாள்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மாணவரின் பதில் ஒரே வரி. "எனக்கும் இப்படியேதான் உடைந்தது, சார்."