கணப்புக்குள்ளே ஒரு ஹீட்டர்

'ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம்' என்று பந்தாவாகத் திரிந்த என் மானம், போன டிசம்பரில் குன்னூரில் கப்பலேறியது.

பாட்டி இருப்பது வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஹாலில் விறகு எரிக்கிற பெரிய கணப்பு. பாட்டியால் இப்போ விறகு தூக்க முடியாதே! 2,000 வாட்ஸ் ஹீட்டர் ஒன்றை வாங்கி அதற்குள்ளே நிற்க வைத்தேன். மேடு பள்ளமான செங்கல் தரை. ராத்திரி பாட்டியின் கால் ஒயரில் தட்ட, ஹீட்டர் குப்புற விழுந்தது. விழுந்தால் தானே அணைகிற சுவிட்ச் இருந்ததால் தப்பித்தோம். பக்கத்திலேயே கம்பளி!

"இன்ஜினீயருக்குப் படிக்கிறே, இதை நிக்க வைக்கத் தெரியலையேடா!" பாட்டி சிரித்தார். எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் அடியில் சமமான கடப்பா கல் போட்டேன். சுவரில் மாட்டும் கிளாம்ப், பிரிக்காமலே அட்டைப் பெட்டியில் கிடந்தது. சுவரில் பிளக் அடித்து, ஹீட்டரில் அதற்கென்றே இருந்த துளையில் முடுக்கினேன். பாடியில் புதுசா துளை போட்டா உள்ளே ஒயர் மாட்டும், பாஸ்! காற்று போகிற துவாரங்களை மறைக்கலை. மழைத்தண்ணி விழாமல் புகைபோக்கி உச்சிக்கு, காத்து போக இடம் விட்டு ஒரு தகர மூடி. ஒயர் சுவரோரமாப் போயாச்சு.

அப்புறம்தான் உறைத்தது. 2,000-ஐ 230-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். நான் செருகியிருந்ததோ 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்! எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, எர்த்தோட 16 ஆம்பியர் பாயின்ட் தனியா இழுத்துக் கொடுத்தார்.

இதே கணக்குக்கு செமஸ்டரில் முழு மார்க் வாங்கியவன் நான். வீட்டில் போட்டுப் பார்க்கத்தான் தோணலை. உங்க ஹாஸ்டல் ரூம் கெட்டிலுக்கும் ஒருதடவை வகுத்துப் பாருங்களேன்!