கறுப்பும் வெள்ளையும் போதும்

ஓவியம் என்றதும் வண்ணங்கள்தான் நம் நினைவுக்கு வரும். வண்ணமும் இல்லாமல், மனிதர், மரம், மலை என்று எந்த உருவமும் இல்லாமல், வெறும் கட்டங்களை வைத்து ஓவியம் தீட்ட முடியுமா? முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் பிரிட்ஜெட் ரைலி. 1931-ல் லண்டனில் பிறந்தவர்.

1961-ல் அவர் வரைந்த 'மூவ்மென்ட் இன் ஸ்கொயர்ஸ்' ஓவியத்தைப் பாருங்கள். இடது ஓரத்தில் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள். வலப்பக்கம் போகப் போகக் கட்டங்களின் உயரம் மாறவில்லை. அகலம் மட்டும் குறைகிறது. நடுவைத் தாண்டியதும் அவை மெல்லிய கீற்றுகளாகி, மறுபடி அகலமாகின்றன. அவ்வளவுதான். ஆனால் தட்டையான பலகை மடிந்து உள்ளே போவது போலத் தெரிகிறது! அசைவு ஓவியத்தில் இல்லை. பார்ப்பவர் கண்ணில் நடக்கிறது.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம். 2 செ.மீ. உயரத்தில் எட்டு வரிசைகள் போடுங்கள். கட்டங்களின் அகலம் 20, 18, 15, 11, 7, 4, 2 மில்லிமீட்டர் எனக் குறையட்டும். பிறகு அதே கணக்கில் கூடட்டும். ஒன்று விட்டு ஒன்று கறுப்பு தீட்டுங்கள். அடுத்த வரிசையில் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுங்கள். ஒன்றே ஒன்றை மாற்றி, மற்றதை அப்படியே விடுவதுதான் இதன் சூட்சுமம்.

பார்க்க எளிதாக இருப்பதே ரைலிக்கு வினையானது. 1965-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' கண்காட்சிக்குப் போனபோது, கடை ஜன்னல்களில் தன் ஓவியங்களின் சாயலில் தைத்த ஆடைகளைக் கண்டார். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. சட்டமும் கைகொடுக்கவில்லை. தன் ஓவியங்களை மக்கள் மறுபடி அக்கறையோடு பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்று அவர் வருந்தினார்.

துணியில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். துணியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். எங்கே வெட்டினாலும் ஒன்றுதான். ஓவியத்தில் அந்த மடிப்பு ஒரே ஒரு முறைதான் வருகிறது. இடதுபக்கச் சதுரங்கள் அமைதியாக இருப்பதால்தான் நடுவில் நேரும் நெருக்கடி நம்மைத் தாக்குகிறது. வெட்டி எடுத்தால் கட்டங்கள் மிஞ்சும், அந்த அனுபவம் மிஞ்சாது.

ரைலி ஓயவில்லை. 1967-ல் வண்ணங்களுக்கு மாறினார். 1968-ல் வெனிஸ் பியனாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு பெற்றார். அளவுகோலும் கறுப்பு மையும் கையில் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். ஆனால் எங்கே மாற்றுவது, எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் கண்தான் சொல்ல வேண்டும்.