உத்திரமேரூர்ப் பயணமும் ஒரு கல்வெட்டுப் பாடமும்



முன் வாழ்ந்த சமுதாயங்களின் நிலையை அறிந்துகொள்ளப் பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. ஆயினும் விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் மலைவாழிடங்களையும் கேளிக்கைப் பூங்காக்களையுமே நாடுகின்றன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரை நோக்கிச் சென்ற தை மாதத்தில் நாங்கள் புறப்பட்டோம்.

மேலைநாட்டார் காரின் பின்னே ஒரு சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவர். எங்களுக்கு அந்த வீடு ஒரு வாடகை வேன். பின்வரிசை இருக்கைகளைக் கழற்றிவிட்டு தேக்சா, அடுப்பு, பாய்கள், தண்ணீர்க் கேன்கள், வுளூச் செய்ய ஒரு வாளி ஆகியவற்றை ஏற்றினோம். பெரியத்தா குடும்பமும் சின்னத்தா குடும்பமுமாகப் பதினான்கு பேர். இவ்விரு குடும்பங்களும் ஒரே வண்டியில் ஏறியதே அப்போது பெரிய செய்திதான். எங்கள் மஹல்லாவில் முத்தவல்லித் தேர்வு நெருங்கியிருந்தது. பெரியத்தா ஓர் அணியிலும் சின்னத்தா மற்றோர் அணியிலும் நின்றார்கள். நான்கு மாதங்களாக இருவரும் ஸலாமுக்குப் பதில் ஸலாம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வாலாஜாபாத். ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர். செங்கல்பட்டுப் பகுதியை 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கியவர் அவர். அங்கே சுடச்சுட அவித்த பனங்கிழங்கை வாங்கிக்கொண்டு, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குச் சென்றோம். வீரராசேந்திர சோழன் காலத்து, அதாவது 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று அவ்வூர்க் கோயிலில் உள்ளது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்று அங்கு இயங்கியதையும், மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து சேகரிப்போர், பணிப்பெண்கள் ஆகியோருக்கு எவ்வளவு ஊதியம் என்பதையும், ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. அறச்செயலாயினும் வரவும் செலவும் கல்லில் எழுதப்பட்டிருந்தன.

உத்திரமேரூரை அடைந்ததும் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரருகே நின்றோம். முதலாம் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இங்கேதான் உள்ளன. கல்லூரியில் வரலாறு பயிலும் பெரியத்தாவின் பேத்தி, தான் கொண்டுவந்த நூலைப் பார்த்து விளக்கினாள்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராய், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருப்பவரின் பெயரே ஓலையில் எழுதப்படும். கடந்த மூன்றாண்டுகளில் பொறுப்பு வகித்தவருக்கு இடமில்லை. ஓலைகள் குடத்தில் இடப்படும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். இவ்வாறே ஆட்டை வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிருவர் வீதமும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் தெரிவாயினர்.

"பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் தகுதியற்றவர்" என்று அவள் தொடர்ந்தாள். தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மச்சான், சிற்றன்னை மக்கள் என அப்பட்டியல் நீண்டது. பெரியத்தாவும் சின்னத்தாவும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் பள்ளிவாசலின் வக்ஃப் கடைகளின் வாடகைக் கணக்கு மூன்றாண்டுகளாக ஜமாஅத்தின் முன் வாசிக்கப்படவில்லை என்பதும், இரு அணியிலுமே அதற்குப் பதில் சொல்லவேண்டிய உறவினர் உண்டு என்பதும் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

இக்கல்வெட்டை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. அது வேதம் கற்ற அந்தணரின் சபை. பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் பிற சாதியாருக்கும் அங்கு இடமில்லை. எனினும் அதன் இரண்டு கருத்துகள் நமக்கு அந்நியமல்ல. பதவியைக் கேட்டுப் பெறாதீர் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு அறிவுறுத்தினார்கள். மர்யம் (அலை) அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து சீட்டுப்போல் முடிவு செய்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. பொறுப்பு என்பது அமானிதம். நாளை மஹ்ஷரில் கேட்கப்படவிருக்கும் கணக்கை இன்று ஊர் கேட்டால் ஏன் கசக்கவேண்டும்?

பல்லவர் காலத்திலேயே வெட்டப்பட்ட வைரமேகத் தடாகம் என்னும் பெரிய ஏரியின் கரைப்பக்கம் வேனை நிறுத்தி, தேங்காய்ச்சோறும் கறித் தால்சாவும் சமைத்தோம். லுஹரைக் கஸ்ராக, பெரியத்தா முன்னின்று தொழவைக்க, சின்னத்தா அவர் பின்னே நின்றார். பின்னர் ஒரே ஸஹனில் இருவரும் அமர்ந்தார்கள். "தால்சாவுக்கு உப்பு குறைவு, தம்பி" என்றார் பெரியத்தா. "கணக்கிலேயே குறை இருக்கும்போது உப்பில் இருக்காதா, அண்ணே" என்றார் சின்னத்தா. சிரித்துவிட்டார்கள்.

மாலையில் அருகிலுள்ள வேடந்தாங்கல் சென்றோம். கூழைக்கடாக்களும் நத்தைக்குத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் நீரில் நின்ற கடப்ப மரங்களை நிறைத்திருந்தன. பறவைகளின் எச்சம் ஏரிநீரை உரமாக்க, அந்நீர் வயல்களுக்குப் பாய்கிறது. இதை உணர்ந்த உழவர்கள், கம்பெனிப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு 1798-இல் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். கேட்டால் கிடைக்கும் உரிமையைக் கேட்காமலே இழப்பவர் பலர். அவ்வுழவர்கள் கேட்டார்கள்.

திரும்பும் வழியிலேயே இருவரும் ஒரு மனுவுக்கு உடன்பட்டார்கள். முதலில் மூன்றாண்டுக் கணக்கு ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்படட்டும், அதன் பிறகே பெயர்கள் முன்மொழியப்படட்டும் என்பதே அது. இரு அணியின் கையொப்பமும் அதில் இருந்தது. கணக்கு வாசிக்கப்பட்டது, அல்ஹம்துலில்லாஹ். சில கேள்விகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. தேர்வும் இனிமேல்தான். இருவரும் இன்றும் வெவ்வேறு அணியில்தான் இருக்கிறார்கள். ஆயினும் பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் மஹல்லாவிலும் கணக்கு வாசிக்கும் நாள் என்று ஒன்று உண்டா? இல்லையெனில், இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவில் கேட்டுப் பாருங்கள்.