ஹூசும் கைவிட்ட சிற்பி

வட ஜெர்மனியின் ஹூசும் நகரம் என்றாலே ஜெர்மானியர்களுக்குத் தேயோடர் ஷ்டோர்ம்தான். 1817-இல் இங்கே பிறந்தவர். அந்நாளில் இங்கே ஆண்ட டேனிஷ் அரசை எதிர்த்து வக்கீல் தொழிலை இழந்து, ஊரைவிட்டுப் போய், 1864-இல் அதிகாரியாகத் திரும்பிய எழுத்தாளர். அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். இங்குள்ள அரண்மனையில் 1871-இல் பிறந்த எழுத்தாளர் ஃபான்னி ரெவென்ட்லோவையும் ஊர் மறக்கவில்லை. என் ஆதங்கமெல்லாம் இவர்களுக்கு முந்தைய ஹான்ஸ் ப்ரூகெமனைப் பற்றியது.

மரச்சிற்பி. போர்டஸ்ஹோல்ம் மடத்துக்காக அவர் 1521-இல் முடித்த பலிபீடம் இப்போது ஷ்லெஸ்விக் பேராலயத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், ஏறத்தாழ 400 உருவங்கள், எல்லாம் ஓக் மரம். வண்ணம் கிடையாது. சாயம் பூசி மறைக்க முடியாததால் ஒவ்வொரு முகச்சுருக்கத்தையும், துணி மடிப்பையும் உளியே சொல்லியாக வேண்டும், சொல்லியிருக்கிறது.

லூபெக் நகரத்தார் அதைப் பார்த்து எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்களாம். இதைவிட நன்றாகவே செய்கிறேன் என்றாராம் இவர். பொறாமைப்பட்ட துறவிகள் ஏதோ நஞ்சு கொடுத்துக் கண்ணைக் கெடுத்துவிட, ஹூசுமில் வறுமையில் செத்தாராம். எனக்கு நம்பிக்கையில்லை. நஞ்சு எதற்கு? பாதிரியார் ஹெர்மன் டாஸ்ட் இதே ஹூசுமில் 1522-லேயே லூத்தர் வழியில் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார். மடங்களும் பலிபீடங்களுமாய்ச் சிற்பிக்கு வேலை கொடுத்த உலகமே காலடியில் சரிந்துகொண்டிருந்தது.

ஹூசும் மாதா கோயிலுக்கும் அவர் நற்கருணைப் பேழை செதுக்கியிருந்தார். அந்த கோதிக் கோயில் பழுதாகிவிட்டதென்று 1807-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்தவை சிதறிப்போயின. ஷ்டோர்ம் பிறந்தபோது சதுக்கத்தில் கோயிலே இல்லை. புதியது 1833-இல்தான் முடிந்தது.

அந்தப் புதிய கோயிலை வடிவமைத்தவர் டென்மார்க்கின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஹான்சன். கட்டடக்கலை அறிந்தவர்கள் அதன் அடக்கத்தை மெச்சுகிறார்கள். எனக்கோ அது அரசுக் கிடங்குக்கு மணிக்கூண்டு வைத்ததுபோல் தெரிகிறது. 1643-ஆம் ஆண்டின் வெண்கல ஞானஸ்நானத் தொட்டியாவது தப்பியதே! சதுக்கத்து நீரூற்றில் மரச்செருப்போடு நிற்கும் வெண்கலப் பெண் டீனேவைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். அதை வடித்த அடால்ஃப் ப்ரூட்டும் ஹூசும்காரர், 1902-இல் வைத்தது. அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் பழைய கோயிலில் இருந்த ப்ரூகெமனின் குதிரையேறிய புனித ஜார்ஜ் எங்கே? கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில். ஹான்சன் வந்த ஊருக்கே அது போயிருக்கிறது. ஹூசுமுக்கு வருபவர்கள் ஷ்டோர்ம் வீட்டைப் பார்த்த கையோடு ஷ்லெஸ்விக் ரயிலைப் பிடிப்பது நல்லது.