கருவியும் மொழியும்

இருவர் அளவளாவ வேண்டுமாயின் இருவரும் அறிந்த மொழி ஒன்று வேண்டும். கணிப்பொறிக்கும் இது பொருந்தும். அதனுள் உள்ள வைஃபை அட்டை எத்துணைத் திறமுடையதாயினும், அதன் மொழியறிந்து ஏவும் நிரல் இல்லையேல் அது வெறுந் தகடேயாம். அந்நிரலை டிரைவர் என்பர்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸைப் படைத்து உலகிற்கு அளித்தார். அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆயின், அட்டை செய்வோர் சிலர் தம் கருவியின் இயல்பை வெளியிடாது மறைத்தனர். ஆர்வலர் பலர் அக்கருவிகளை நுணுகி ஆராய்ந்து, தாமே டிரைவர்களை எழுதினர்.

2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையவழி நடந்தன. என் பேர்த்திக்குப் பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தது. அதில் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை நிறுவினோம். யாவும் இயங்கின, வைஃபை மட்டும் இயங்கவில்லை. “அட்டை பழுதாயிற்று; புதியது வாங்குக” என்றனர் கண்டோர். அதற்குப் பொருளில்லை, வகுப்போ மறுநாள் தொடங்கவிருந்தது.

நாங்கள் மூன்று வினாக்களை எழுப்பினோம். கருவி உளதா? அதற்குரிய டிரைவர் உளதா? டிரைவர் வேண்டுவது யாது? ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் கட்டளை அட்டையின் பெயரைக் காட்டிற்று. அதனோடு ஓர் எழுத்தைச் சேர்த்து இட்டபோது டிரைவரின் பெயரும் தோன்றியது. பின்னர்க் கணிப்பொறியின் குறிப்பேட்டை நோக்கினோம். ஃபர்ம்வேர்க் கோப்பு ஒன்று காணப்படவில்லை என்று அதில் இருந்தது.

ஃபர்ம்வேர் என்பது அட்டையினுள்ளேயே இயங்கும் சிறு நிரல். அதன் மூலத்தைச் செய்தோர் வெளியிடாமையால், டெபியன் தன் கொள்கைப்படி நிறுவும் தொகுப்பில் அதனைச் சேர்க்கவில்லை. அக்கோப்போ இணையத்தில் இருந்தது. இணையத்தை அடையவோ அக்கோப்பு வேண்டும். நீர் இறைக்கும் கயிறு கிணற்றுக்குள்ளேயே கிடந்தாற்போன்ற நிலை!

“தாத்தா, கைப்பேசியைக் கம்பியால் இணைத்தால் அதன் இணையம் வருமே” என்றாள் பேர்த்தி. அவ்வாறே கோப்பைப் பெற்று நிறுவினோம். கணிப்பொறியை மீண்டும் தொடங்கியதும் வைஃபைப் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. மறுநாள் அவள் வகுப்பில் இருந்தாள்.

டெபியன் குழுவினர் 2022ஆம் ஆண்டில் இதுபற்றி வாக்கெடுத்தனர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் ஃபர்ம்வேரும் நிறுவும் தொகுப்பிலேயே வருகின்றது.

மாணவர்களே! இயங்காத கருவியெல்லாம் பழுதுற்றதன்று. ஒருவர் மறைத்த செய்தியால் நல்ல கருவியும் குப்பைக்குச் செல்லும். பலர் பகிர்ந்த அறிவால் பழைய கருவியும் பயன் தரும். ஆதலின், தள்ளுமுன் ஆராய்க. அறிந்ததைப் பிறர்க்கும் உரைக்க.