சின்னச் சாமான்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரைச்சலை விட்டுக் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், புடைவைக் கடையொன்றின் மாடிப்படிக்குக் கீழே, ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நின்றே தீரவேண்டிய இடத்தில், கமரா திருத்தும் முதியவர் ஒருவர் இருப்பதாக நண்பர் சொல்லக் கேட்டு, இருபது வருஷத்துக்கு மேலாக அலுமாரிக்குள் அஞ்ஞாதவாசம் செய்துகொண்டிருந்த என் பென்டாக்ஸ் கே 1000 கமராவைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். அடித்தட்டிலுள்ள சிறு மூடியைப் பத்து ரூபாய்க் குற்றியால் திறக்க முயன்று தோற்றுப்போன விருத்தாந்தத்தை நான் சொல்லி முடிக்குமுன்பே, அவர் கமராவை வாங்கிக் கவிழ்த்து, காதருகே ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டார்.

"பற்றரியை உள்ளுக்கை விட்டிட்டியள், தம்பி. ஒழுகிப்போட்டுது."

குற்றம் முழுவதும் என்னுடையதே. 1976 முதல் 1997 வரை உற்பத்தியான இந்தக் கமராவில், ஒளியை அளக்கும் ஊசியை நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு விசை கிடையாது. லென்சின் மூடியைப் போட்டு இருளாக்கினால்தான் அது அடங்கும். நான் மூடியைத் தொலைத்தவன். ஆயினும் பற்றரி வேண்டியிருப்பது அந்த ஊசிக்கு மாத்திரமே என்பதும், ஒளியை உள்ளே விடும் கதவைத் திறந்து மூடும் வேலையெல்லாம் சுருள்வில்லும் பற்சக்கரமும் செய்பவை என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. "கமரா சாகேல்லை. கணக்குச் சொல்லுற ஊசி மட்டும்தான் நிண்டுபோச்சு" என்று அவர் சொன்னபோது, வைத்தியர் வாயிலிருந்து நல்ல வார்த்தை கேட்ட நோயாளியின் உறவினனைப்போல ஆசுவாசப்பட்டேன்.

மூடி திறந்ததும் உள்ளே வெண்பொடியும் செம்பின் பச்சையும் பூத்திருந்தன. காரப் பற்றரி ஒழுகினால் அமிலத்தால்தான் அதை அடக்கவேண்டும் என்ற ரசாயன நியாயத்தின்படி, அவர் பஞ்சுக் குச்சியை வினாகிரியில் தோய்த்து ஒற்றினார். பிறகு ஸ்பிரிற்றால் துடைத்தார். அப்படியும் திருப்தியடையாமல், பச்சையானது கம்பியின் உறைக்குள்ளும் ஊர்ந்து போயிருக்கும் என்று சொல்லி, இரண்டு அங்குலக் கம்பியையே வெட்டி மாற்றினார். வெட்டுவதற்குமுன் கழற்றிய திருகாணிகளை அவர் வைத்த விதம்தான் என்னை நெடுநேரம் அங்கே நிற்கச் செய்தது. வெள்ளைத் தாளில் ஒட்டுநாடாவொன்றை ஒட்டும் பக்கம் மேலாக விரித்து, கழற்றிய கிரமத்திலே இடமிருந்து வலமாக ஒவ்வொன்றையும் அதன்மேல் நிறுத்தினார். பூட்டும்போது வலமிருந்து இடமாகத் திரும்பி வந்தால் போதும், ஒன்றும் மிஞ்சாது, ஒன்றும் குறையாது. மேசை விளிம்பிலிருந்து தம் இடுப்புவரை ஒரு வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார். செட்டியார் தெருப் பத்தர்கள் பொன்தூள் சிந்தாமல் காப்பதைப்போல, அரிசியில் நாலிலொரு பங்குகூட இல்லாத திருகாணிகளை அந்தத் துணி ஏந்திக்கொள்கிறது. ஜப்பானியத் திருகாணியின் தலையிலுள்ள சிலுவை வெட்டு மற்றவற்றின் வெட்டிலிருந்து நூலளவு வேறுபடுவதால், கடையில் வாங்கும் ஸ்குறூ டிரைவர் அதைச் சிதைத்துவிடும் என்று, மூன்று டிரைவர்களின் முனையைத் தாமே அரத்தால் ராவி வைத்திருக்கிறார்.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுவதும் பிலிம் டப்பாக்கள். கறுப்பு உடலும் சாம்பல் நிற மூடியும் கொண்ட அந்த டப்பாக்களை ஸ்ரூடியோக்காரர் குப்பையில் எறிந்த காலத்தில் இவர் சாக்கிலே கட்டிக்கொண்டு வந்தாராம். ஒவ்வொன்றின் உள்ளேயும் செத்த கமராவொன்றின் உறுப்புகள், மேலே ஒரு துண்டுக் காகிதம். காகிதத்தில் கமராவின் பெயர் இராது, அது வந்த கதைதான் இருக்கும்: 'மட்டக்களப்பு வெள்ளம்', 'கொச்சிக்கடைக் கல்யாணம்', 'கீழே விழுந்தது'. அவற்றுள் எதிலே எந்த வில் கிடக்கிறது என்பது அவருடைய நெஞ்சுக்கு மட்டும் தெரியும்.

இவ்வளவு சேமிப்பும் லோபித்தனத்தால் வந்ததல்ல. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு நாட்டை இறுக்கியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கைவேலை பழகியவர் அவர். செத்த கமராவின் உறுப்பே உயிருள்ள கமராவுக்கு மருந்து என்பது அவருக்குக் கிடைத்த முதற் பாடம். 1990இல் மீண்டும் யுத்தம் மூண்டபின், வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பற்றரியும் ஒன்றாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்ட ஜனங்களுக்கிடையில் அவரும் ஒருவராக இருந்தார். "அப்ப ஒரு பென்ரோச் பற்றரி எண்டால் ஒரு பவுண் மாதிரி" என்று சொல்லிவிட்டு, அதைப்பற்றி மேலே எதுவும் பேசாமல் வேலையைப் பார்த்தார்.

பற்றரிகளில் அவருக்குத் திட்டமான பட்சபாதம் உண்டு. என் கமராவுக்குரிய எல்.ஆர். 44 என்ற காரப் பற்றரியை அவர் மதிப்பதில்லை, 1.5 வோல்ற்றில் தொடங்கி நாளுக்கு நாள் தேய்ந்து, ஊசியைப் பொய் சொல்லப் பழக்கிவிடும் என்கிறார். அதே அளவான எஸ்.ஆர். 44, வெள்ளி ஒட்சைட்டால் ஆனது, கடைசிவரை 1.55இல் நின்று பிறகு சட்டென்று விழுந்துவிடும். விலை கூடினாலும் அதுவே யோக்கியமானது. பழைய நிக்கோர்மாட் கமராக்களோ பாதரசப் பற்றரியின் 1.35 வோல்ற்றை நம்பிச் செய்யப்பட்டவை. பாதரசத்தின் விஷம் கருதி அந்தப் பற்றரிகள் கடைகளிலிருந்து மறைந்தபின், செவிக்கருவிக்குரிய 675 என்ற துத்தநாகப் பற்றரியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் மாட்டி உள்ளே வைக்கிறார். அது தருவது 1.4 வோல்ற்று. மேலே ஒட்டியிருக்கும் நீலத் தாளை உரித்துக் காற்றுப் பட்டதும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கும். திருப்பி ஒட்டினாலும் நிற்காது. "காதுக்கு வைக்கிறதைக் கண்ணுக்கு வைக்கிறன்" என்று அவரே சிரித்துக்கொண்டார்.

"இப்பத்தைப் பெடியள் செய்யிறதையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று அவர் சொன்னதன்பேரில், அன்று மாலையே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புனித லூசியா தேவாலயத்துக்கு அணித்தான வீடொன்றில், மறுநாள் கல்யாணமொன்றைப் படம் பிடிக்கவிருந்த நால்வர், பாயை விரித்துப் பற்றரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டாளத்தின் சேனாதிபதி இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத ஒரு பெண். சார்ஜ் ஏறியவை மூடியோடு இருக்கவேண்டும், இறங்கியவை மூடியில்லாமல் சிவப்புப் பைக்குள் போகவேண்டும். பிளாஷுக்குரிய பற்றரிகள் நாலு நாலாக இலக்கமிடப்பட்டு, ஒரு கூட்டத்தில் உள்ளது மறு கூட்டத்தோடு கலக்கவே கூடாது. காரணம் கேட்டேன்.

"நாலும் ஒரே வயசு அங்கிள். கலந்துட்டா, களைச்சது மத்ததையும் கெடுத்துரும்."

முக்காலியோடு கமராவைப் பிணைக்கும் கால் அங்குலத் திருகாணித் தட்டில் மேலதிகமாக இரண்டு, சிறு வாளியொன்றில், தொட்டிலில் குழந்தைகளைப்போலக் கிடந்தன. அந்தத் தட்டொன்று காணாமற்போனால் முக்காலி வெறும் குச்சிதானே! வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது, லிதியம் பற்றரிகளைப் பெட்டியில் போடாமல், முனைகளை நாடாவால் மறைத்துக் கைப்பையிலேயே கொண்டுபோவார்களாம்; ஒவ்வொன்றும் 100 வோற் மணிக்கு உட்பட்டிருந்தால் விமான நிலையத்தில் வில்லங்கமில்லை. இவையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் வரிவரியாக எழுதப்பட்டிருந்தன. 2022 மார்ச் மாதக் கடைசியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில், எந்தப் பற்றரி எப்போது சார்ஜில் ஏறியது என்று குறிக்க அந்தப் பெண் ஆரம்பித்த கொப்பி அது.

முதியவரின் ஞானம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் எவர் திறந்தாலும் வாசிக்கக்கூடிய அந்தக் கொப்பியையே நான் மேலாகக் கொள்கிறேன். இரண்டு கிழமைக்குப்பின் கமராவை எடுக்கப் போனபோது இதை அவரிடம் சொல்லியும்விட்டேன். கோபித்துக்கொள்வாரென்று பயந்தது வீணாயிற்று. "எழுதலாம் தம்பி. ஆர் வந்து வாசிக்கிறது?" என்றார். கைவேலை பழகவென்று கடைசியாக வந்த பையன் கனடாவுக்குப் போய்ப் பல வருஷமாகிறதாம்.

ஊசி இப்போது ஒழுங்காக ஏறி இறங்குகிறது. உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய கமரா ஏதேனும் கிடந்தால், முதலில் அதன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். திருத்தவே முடியாததென்று தோன்றினாலும் எறிந்துவிடாதீர்கள். வெள்ளவத்தையில் மாடிப்படிக்குக் கீழே அதன் திருகாணிகளுக்கு ஒரு வெறும் டப்பா காத்திருக்கிறது.